ஒரே நாளில் இரண்டு ஆலயம்: நமக்குத் திருமணம் என்பது என்ன?

பொறையாற்றுத் தகப்பன் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் ஸ்தோத்திரம். நான் பொறையாற்றுக்கு அருகில் வசிக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன். எங்கள் குடும்பம் நான்கு தலைமுறையாகத் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையைச் சேர்ந்தது. என் ஒரே மகளுக்கு வைகாசியில் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம், பூண்டி மாதா கோவிலுக்கு நடந்தே போகிற தூரத்தில் நிலம் வைத்திருக்கும் கத்தோலிக்கர்கள். தலைமடைப் பிள்ளைக்குக் கடைமடைப் பெண் என்று உறவினர்கள் கேலி செய்கிறார்கள். அதில் எங்களுக்கு மனக்குறை ஏதுமில்லை; பெண் போகிற ஊரிலாவது தண்ணீர் முதலில் வந்து சேரும்.

என் சங்கடம் வேறு. காலையில் அவர்கள் கோவிலில் திருமணம், மாலையில் தரங்கம்பாடிப் புதிய எருசலேம் ஆலயத்தில் மறுபடியும் ஒருமுறை உடன்படிக்கையும் ஆசீர்வாதமும், அதன்பின் விருந்து என்று நான் மனத்திற்குள் திட்டம் போட்டுவைத்திருந்தேன். 1718-இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட அந்த ஆலயத்தில், ஜெர்மானிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு ஐயர் அடக்கம்பண்ணப்பட்டிருக்கும் இடத்தில்தான் என் தகப்பனாருக்கும் எனக்கும் திருமணம் நடந்தது. ஆனால் மாப்பிள்ளை வீட்டுப் பங்குத்தந்தை, எனக்கு நாற்காலி போட்டு, காப்பி வரவழைத்துக் கொடுத்து, மிகுந்த மரியாதையோடு, "ஐயா, ஒரு திருமணத்தை இரண்டு முறை செய்ய இயலாது" என்று சொல்லிவிட்டார்.

நான் கோபத்தோடு வீடு திரும்பியதைப் பார்த்த என் மகள் கேட்ட கேள்வியைத்தான் இங்கே கொண்டுவந்திருக்கிறேன். "அப்பா, அவர்களுக்குத் திருமணம் ஏழு அருளடையாளங்களில், அதாவது நாம் சாக்கிரமெந்து என்கிற, தேவகிருபையைத் தரும் புனிதச் சடங்குகளில் ஒன்று. நமக்கு ஞானஸ்நானமும் இராப்போஜனமும் மட்டுந்தான் சாக்கிரமெந்து. அப்படியானால் திருமணம் அவர்களுக்குப் பெரியது, நமக்குச் சிறியதா? சிறியதென்றால் அது எங்கே நடந்தால் உங்களுக்கு என்ன?" முப்பத்தாறு ஆண்டுகள் பிள்ளைகளிடம் கேள்வி கேட்டே பழகிவிட்ட எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. திருமணத்தில் தேவன் என்ன நோக்கம் வைத்திருக்கிறார் என்பதை அறிந்தவர்கள் எழுதுங்கள். எந்தச் சபை சரி என்ற சண்டை வேண்டாம். அதை வீட்டிலேயே வேண்டிய மட்டும் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

---

பூண்டிச் சாலை

ஐயாவுக்கு வணக்கம். நான் உங்கள் சம்பந்தியின் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரன். திருமண முன்தயாரிப்பு வகுப்புகளில் பல ஆண்டுகளாக உதவி செய்து வருகிறேன். குருவானவர் அல்லன், நாற்காலி அடுக்குவதிலிருந்து பாடம் எடுப்பது வரை செய்கிற ஒரு பொதுநிலையினன்.

வகுப்பின் முதல் மணி நேரத்தில் ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டுத்தாள் கொடுத்து, "நீ எதற்காகத் திருமணம் செய்துகொள்கிறாய்?" என்று பெயரில்லாமல் எழுதச் சொல்வோம். காலி பிஸ்கட் டின்னில் சேரும் அந்தத் தாள்களைப் பிரித்து வாசிப்பது என் வேலை. "வயது ஆகிவிட்டது", "தங்கைக்கு வழிவிட வேண்டும்", "அம்மாவுக்கு முட்டிவலி, சமைக்க ஆள் இல்லை" என்பவைதான் ஆண்டுதோறும் வருகிற பதில்கள். ஒரே ஒரு முறை, ஒரு பெண்பிள்ளையின் கையெழுத்தில், "என்னை முழுவதும் தெரிந்த பிறகும் ஒருவர் என்னோடு இருப்பாரா என்று பார்க்க" என்று இருந்தது. அந்தத் தாளை இன்னும் என் விவிலியத்திற்குள் வைத்திருக்கிறேன்.

இப்போது பங்குத்தந்தை ஏன் அப்படிச் சொன்னார் என்பதற்கு வருகிறேன். இலத்தீன் மரபைச் சேர்ந்த எங்கள் திருச்சபையின் போதனைப்படி, திருமணம் என்னும் அருளடையாளத்தைக் குருவானவர் வழங்குவதில்லை. மணமகனும் மணமகளுமே அதை ஒருவருக்கொருவர் வழங்குகிறார்கள். "இன்பத்திலும் துன்பத்திலும், உடல் நலத்திலும் நோயிலும்" என்று தொடங்கிச் சொல்கிறார்களே, அந்தச் சொல்தான் திருமணம். குருவானவர் திருச்சபையின் பெயரால் அந்தச் சம்மதத்தைக் கேட்டுப் பெறுகிற சாட்சி. 1563-இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்துப் பொதுச்சங்கம் பங்குக்குருவும் இரண்டு சாட்சிகளும் இருந்தாக வேண்டும் என்று விதித்ததே, யாருக்கும் தெரியாமல் சொல்லிக்கொண்ட சம்மதத்தைப் பிறகு மறுத்துவிட்டுப் போனவர்களால் பெண்கள் நிர்க்கதியானதைத் தடுக்கத்தான். ஆகவே காலையில் கொடுத்துவிட்ட சொல்லை மாலையில் மீண்டும் கொடுக்கச் சொன்னால், காலையில் கொடுத்தது என்ன என்ற கேள்வி எழும். திருச்சபைச் சட்டம் இரண்டாவது சம்மதச் சடங்கைத் தடுப்பது இந்தக் காரணத்தினால்தான். உங்கள் ஆலயத்தைத் தாழ்வாக எண்ணி அல்ல.

இன்னொன்று. திருமுழுக்குப் பெற்ற இருவருக்கிடையே முறையாக நிகழும் திருமணம் எதுவாயினும் அது அருளடையாளமே என்பது எங்கள் சட்டநூலின் 1055-ஆம் விதி. இருவரும் கத்தோலிக்கராக இருக்க வேண்டும் என்று அதில் இல்லை. ஆகவே அந்தக் கோவிலில் எங்கள் ஊர்ப் பையனுக்கு அருளடையாளத்தை வழங்கப்போகிறவள் உங்கள் லுத்தரன் மகள். அதே கணக்கில், தரங்கம்பாடியில் நீங்கள் தாலி கட்டிய நாள்முதல் உங்கள் வீட்டிலும் ஓர் அருளடையாளம் இருந்துவருகிறது. உங்கள் சபை அதை அந்தப் பெயரால் அழைப்பதில்லை.

---

குடந்தை நூலகப்பூச்சி

மேலே எழுதிய அண்ணன் சொன்னது சரியே. ஆனால் அந்தப் பெயர் வேறுபாட்டை அவ்வளவு எளிதாகக் கடந்துவிட முடியாது. முழுச் சச்சரவும் ஒரே ஒரு சொல்லில் இருக்கிறது.

எபேசியர் 5-ஆம் அதிகாரத்தில், இருவரும் ஒரே மாம்சமாவார்கள் என்ற ஆதியாகம வசனத்தை எடுத்துக்காட்டிய கையோடு, பவுல் "இந்த இரகசியம் பெரியது, நான் கிறிஸ்துவைப்பற்றியும் சபையைப்பற்றியும் சொல்லுகிறேன்" என்கிறார். கிரேக்கத்தில் அந்தச் சொல் மிஸ்டேரியோன். நம் பழைய மொழிபெயர்ப்பில் இரகசியம், கத்தோலிக்கர் இன்று வாசிக்கும் திருவிவிலியத்தில் மறைபொருள், இலத்தீன் வேதாகமத்தில் சாக்ரமென்தும். இலத்தீன் சொல்லைப் பிடித்துக்கொண்டு திருமணத்தைச் சாக்கிரமெந்துகளோடு சேர்த்தது சரியில்லை என்று லுத்தரன் சபைக்குப் பெயர் தந்த சீர்திருத்தவாதி லூத்தர் 1520-இல் வாதிட்டார். அந்தச் சொல் மறைந்திருக்கும் ஒரு பொருளைக் குறிக்கிறதேயன்றி ஒரு சடங்கைக் குறிக்கவில்லை என்பது அவருடைய முதல் வாதம். திருமணம் உலகம் தோன்றிய நாள்முதல் எல்லா மக்களிடத்திலும், அவிசுவாசிகளிடத்திலும் இருந்து வருவது. அதைப் புதிய உடன்படிக்கையின் தனிச்சொத்தாக்க முடியாது என்பது இரண்டாவது.

இரண்டாவது வாதத்தை நம் வயல்வெளியில் நின்று யோசித்துப் பாருங்கள். பக்கத்து வீட்டு இந்துத் தம்பதியின் ஐம்பது ஆண்டு இல்லறமும், எதிர்வீட்டு முஸ்லிம் தம்பதியின் இல்லறமும் தேவன் ஏற்படுத்தியவையே என்று சொல்ல லுத்தரன் போதனையில் தடையே கிடையாது. திருமணம் சிருஷ்டிப்பின் ஒழுங்கைச் சேர்ந்தது. மழையைப் போல எல்லார்மேலும் பெய்வது. அதனால்தான் 1529-இல் தாம் வெளியிட்ட திருமண முறைமையை லூத்தர், திருமணம் உலகக் காரியம் என்றே தொடங்கினார். அதே கையேட்டில், தேவனுடைய கட்டளையைத் தனக்கு ஆதாரமாகக் கொண்டிருப்பதால் அது துறவிகளின் நிலையைக் காட்டிலும் ஆவிக்குரியதாக எண்ணத்தக்கது என்றும் சொன்னார். உலகக் காரியம் என்றால் அற்பக் காரியம் என்று நாம்தான் தவறாகப் படித்துவிட்டோம். 1522-இல் அவர் எழுதிய ஒன்று எனக்கு மிகவும் பிடித்தமானது: குழந்தையின் அழுக்குத் துணியை அலசும் தகப்பனைப் பார்த்து ஊரார் சிரிக்கலாம், அவன் அதை விசுவாசத்தோடு செய்தால், தேவனும் தூதர்களும் அவனைக் கண்டு மகிழ்ந்து புன்னகைக்கிறார்கள். அதை எழுதியபோது அவருக்குத் திருமணமாகவில்லை. கத்தரீனாவை அவர் மணந்தது 1525-இல். பிறகு பிறந்த ஆறு பிள்ளைகளின் துணிகளை யார் அலசினார் என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை.

எனவே உங்கள் மகளுக்கான பதில் இது. கத்தோலிக்கர், கிறிஸ்து அந்தப் பழைய மழைநீரையே எடுத்துத் தம் கிருபையின் வாய்க்காலாக ஆக்கினார் என்கிறார்கள். லுத்தரன்கள், மழையே தேவனுடைய கொடைதான், கிருபைக்கு வாய்க்கால்கள் வேறு இருக்கின்றன என்கிறார்கள். சிறியது பெரியது என்ற பேச்சு இரண்டு பக்கத்திலும் இல்லை.

இடையில் ஒரு சேதி. தாலியைக் குறித்துக் கவலைப்படுகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: 1703-இல் திருத்தந்தையின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த துர்னோன், 1704-இல் பிள்ளையார் உருவம் பொறித்த தாலியையும் நூற்றெட்டு இழை மஞ்சள் கயிற்றையும் கிறிஸ்தவர்களுக்கு விலக்கினார்; ஆனால் தாலியையே விலக்கவில்லை, சிலுவையோ இயேசு, மரியாள் உருவமோ பொறித்ததை அணியலாம் என்றார். அன்று பெரும் பூகம்பமாக வெடித்த விவகாரம் இன்று நகைக்கடையில் "சிலுவையா, புறாவா?" என்று கேட்கப்படுவதோடு முடிந்துவிடுகிறது.

---

கடைமடை அக்கா

எல்லாரும் அழகாக எழுதியிருக்கிறீர்கள். நான் அதே எபேசியர் 5-ஆம் அதிகாரத்தின் மறுபக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

எனக்குத் திருமணமாகி ஏழாவது மாதம் காது சவ்வு கிழிந்தது. எப்படிக் கிழிந்தது என்று விளக்க வேண்டியதில்லை. அம்மா வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோது, சபையில் பெரியவர்கள் இரண்டு பேர் வந்து, "மனைவிகளே, உங்கள் சொந்தப் புருஷருக்குக் கீழ்ப்படியுங்கள்" என்ற வசனத்தையும், "தள்ளிவிடுதலை நான் வெறுக்கிறேன்" என்ற மல்கியாவின் வசனத்தையும் வாசித்து, ஜெபம் செய்து, என்னைத் திருப்பி அனுப்பினார்கள். நல்ல காது வேதத்தின் பக்கம் இருந்ததால் எல்லாம் தெளிவாகவே கேட்டது.

பிற்பாடு நானே உட்கார்ந்து வாசித்தேன். மல்கியாவில் அந்த வாக்கியம் அங்கே முடியவில்லை. "அப்படிப்பட்டவன் கொடுமையினால் தன் வஸ்திரத்தை மூடுகிறான்" என்று அடுத்த மூச்சிலேயே தொடர்கிறது. அதற்கு இரண்டு வசனம் முன்னால், "அவள் உன் தோழியும் உன் உடன்படிக்கையின் மனைவியுமாயிருக்கிறாளே" என்று இருக்கிறது. கண்டிக்கப்படுகிறவன் அங்கே கணவன். எபேசியரிலும் அப்படியே: மனைவிகளுக்குச் சொன்ன வசனத்திற்கு முந்திய வசனம், "தெய்வபயத்தோடே ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்" என்பது. பழைமையான கிரேக்கப் பிரதிகளில் மனைவிகளுக்குரிய வாக்கியத்திற்குத் தனி வினைச்சொல்லே இல்லை, முந்திய வாக்கியத்தின் வினையைத்தான் அது கடன் வாங்குகிறது என்று எங்கள் இறையியல் கல்லூரிப் பிள்ளை ஒருத்தி காட்டிக்கொடுத்தாள். அதற்குப் பிறகு கணவர்களுக்கு வருகிற கட்டளை கீழ்ப்படிதலைவிடக் கடினமானது: கிறிஸ்து சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்ததுபோல நீயும் செய். சிலுவைக்குப் போனவரை முன்மாதிரியாக வைத்திருக்கும் ஒருவன் கையை ஓங்கவும் முடியுமா?

"ஏற்ற துணை" என்பதையும் ஒத்தாசைக்கு ஓர் ஆள் என்றுதான் நம்மிடையே பிரசங்கிக்கிறார்கள். ஆதியாகமம் 2:18-இல் துணை என்று பெயர்த்திருக்கும் எபிரெயச் சொல் ஏசேர். "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்" என்ற சங்கீதத்தில் கர்த்தர் தருகிற ஒத்தாசைக்கும் அதே சொல்தான். சமையற்கட்டு வேலைக்காரியைக் குறிக்கிற சொல்லாக இருந்தால் தேவனுக்கு அதைப் பயன்படுத்தியிருப்பார்களா?

திருமணம் கிறிஸ்துவுக்கும் சபைக்கும் உள்ள உறவின் அடையாளம் என்று பூண்டிச் சாலைத் தம்பி எழுதினால் நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பொய் சொல்லுகிற அடையாளத்தை என்ன செய்வது என்பதையும் அந்த வகுப்பில் கற்றுக்கொடுங்கள்.

---

பூண்டிச் சாலை

அக்கா, உங்கள் பதிவை இரண்டு முறை வாசித்தேன். எங்கள் வகுப்பில் இதற்கு நாங்கள் ஒதுக்கும் நேரம் மிகவும் குறைவு. அதையும் பெரும்பாலும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, எல்லாரும் கண்ணசரும் நேரத்தில் வைத்திருக்கிறோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். துணைவருக்கோ பிள்ளைகளுக்கோ உடலுக்கும் ஆன்மாவுக்கும் பெரும் ஆபத்து விளைவிக்கிறவரை விட்டுப் பிரிந்து வாழ எங்கள் சட்டமே 1153-ஆம் விதியில் இடம் கொடுக்கிறது. மணவுறவு முறிக்க இயலாதது என்ற போதனைக்கு, அடிவாங்கிக்கொண்டே உடனிருக்க வேண்டும் என்று பொருளில்லை. இதை இனிமேல் காலை வகுப்புக்கு மாற்றச் சொல்லப் போகிறேன்.

---

நாகை வடம்

என் மனைவியின் அனுமதியோடு எழுதுகிறேன். எங்களுக்குத் திருமணமாகி இருபத்தொரு ஆண்டுகள், பிள்ளை இல்லை. நாங்கள் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் என்றாலும், யார் யாரோ சொன்னார்கள் என்று வேளாங்கண்ணிக்கும் போய்த் தொட்டில் கட்டினோம். மரத்தடியில் எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு பெண், மஞ்சள் கயிற்றை முடிச்சுப் போடத் தெரியாமல் கை நடுங்க, என் மனைவி அவளுக்கு முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள். அவளுக்குப் பலித்திருக்கும் என்று நாங்கள் இன்றும் பேசிக்கொள்வதுண்டு.

திருமணத்தின் நோக்கம் பிள்ளைப்பேறு என்று மேடையில் சொல்லப்படும்போதெல்லாம் நாங்கள் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்போம். 1662-ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கன் ஜெபநூல் திருமணத்திற்கு மூன்று காரணங்களை வரிசைப்படுத்துகிறது: முதலாவது பிள்ளைகள், இரண்டாவது பாவத்திற்கு விலகி இருத்தல், மூன்றாவதுதான் ஒருவருக்கொருவர் துணையும் ஆறுதலும். பழைய திருச்சபைத் தந்தை அகுஸ்தீன் சொன்ன, திருமணத்தின் மூன்று நன்மைகளிலும் சந்ததி உண்டு. உண்மையும், முறியாத பந்தமும் மற்ற இரண்டு. "பலுகிப் பெருகி" என்ற ஆசீர்வாதம் ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்திலேயே இருப்பதையும் நான் மறைக்கவில்லை.

ஆனால் இரண்டாம் அதிகாரத்தைப் பாருங்கள். படைத்த ஒவ்வொன்றையும் நல்லது, நல்லது என்று கண்டுவந்த தேவன், முதன்முதலாக "நல்லதல்ல" என்று சொன்னது ஒரு மனிதனின் தனிமையைப் பார்த்து. அதற்கு மருந்தாக அவர் கொண்டுவந்தது ஒரு மனுஷியை. ஒரே மாம்சம் என்ற வசனம் அங்கேதான் வருகிறது. அந்த அதிகாரம் முழுவதிலும் பிள்ளையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. மலடு திருமணத்திற்குத் தடையுமல்ல, அதைச் செல்லாததாக்குவதுமல்ல என்று கத்தோலிக்கச் சட்டநூலும் சொல்வதாக ஒரு குருவானவர் எங்களிடம் எடுத்துக்காட்டினார். எங்கள் சொந்த சபையில் யாரும் சொல்லாத ஆறுதலை அன்று அவரிடம் பெற்றோம்.

பொறையாற்று ஐயாவுக்கு: உங்கள் மகளை முதலாண்டு நிறைவிலேயே "விசேஷம் உண்டா?" என்று கேட்க வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்திவையுங்கள்.

---

ஒற்றைப் பனை

நான் தஞ்சாவூர்க்காரன், நாற்பத்தெட்டு வயது, மணமாகாதவன். இந்த இழையில் எனக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். திருமணத்தைக் குறித்துக் கிறிஸ்தவம் சொல்வதில் பாதி, அதைப் புரியாமல் விடுவதில் முழுவதும், என்னைப் போன்றவர்களிடம் இருக்கிறது.

உயிர்த்தெழுதலை நம்பாத யூதப் பிரிவினரான சதுசேயர் ஒரு புதிர் போட்டார்கள்: ஏழு சகோதரரை ஒருவர்பின் ஒருவராக மணந்த பெண், உயிர்த்தெழுதலில் யாருக்கு மனைவியாவாள்? அதற்கு இயேசு, "உயிர்த்தெழுதலில் கொள்வனையும் கொடுப்பனையும் இல்லை" என்றார். மத்தேயு 22:30-ஐப் பெயர்த்தவர்கள் என்ன சொல்லைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று கவனியுங்கள். நம் வீடுகளில் இன்றும் "அவர்களோடு நமக்குக் கொள்வினை கொடுப்பினை உண்டா?" என்றுதான் கேட்கிறோம். பெண் கொள்வது, பெண் கொடுப்பது. இரண்டு குடும்பங்களின் வரவு செலவு. அந்தக் கணக்குப் புத்தகம் அங்கே மூடப்படும் என்கிறார் ஆண்டவர். திருமணம் அடையாளம் என்றால், அடையாளம் சுட்டுகிற பொருள் கண்முன் வந்தபிறகு அடையாளத்திற்கு வேலை இல்லை. வெளிப்படுத்தின விசேஷத்தின் முடிவில் ஒரே ஒரு கலியாணந்தான் இருக்கிறது, ஆட்டுக்குட்டியானவருடையது. அதில் எல்லாரும் மணமகள். மணமானவர், ஆகாதவர் என்ற பாகுபாடு அங்கே கிடையாது.

அதனால்தான் பவுல் 1 கொரிந்தியர் 7-இல் மணவாழ்வு ஒரு வரம், மணமில்லாத வாழ்வும் ஒரு வரம் என்று இரண்டையும் ஒரே தட்டில் வைக்கிறார். எங்கள் ஊரில் 1798-இல் மரித்த மிஷனரி சுவார்ட்சு ஐயர் மணமாகாதவர். தஞ்சையை ஆண்ட துளஜா மன்னர் தம் வளர்ப்பு மகன் சரபோஜியை அவருடைய பாதுகாவலில் ஒப்படைத்தார். அந்தப் பிள்ளை வளர்ந்து அரசரான பிறகு, ஐயரின் மரணப்படுக்கையைச் செதுக்கிய சலவைக்கல் நினைவுச்சின்னம் ஒன்றை இலண்டன் சிற்பியிடம் செய்வித்து வரவழைத்தார். தகப்பனாக இருப்பதற்கு மனைவி அவசியமில்லை என்பதற்கு அந்தக் கல் எங்கள் ஊர்ச் சிவகங்கைத் தோட்டத்து ஆலயத்தில் நிற்கிறது. ஆனாலும் எங்கள் சபையில் வாலிபர் கூட்டத்திற்கும் குடும்ப ஐக்கியத்திற்கும் நடுவில் என்னை எங்கே உட்காரவைப்பது என்று இன்னும் யாருக்கும் தெரியவில்லை. இரண்டிலும் எனக்கு டீ கொடுக்கிறார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

---

சம்பந்தம் பேசுகிறவன்

கொள்வினை கொடுப்பினை பற்றிப் பேச்சு வந்ததால் தொழில்முறையில் ஒரு வார்த்தை. வரன் தேடித் தருவதே என் பிழைப்பு. கிறிஸ்தவ வீடுகளிலிருந்து வரும் விவரத்தாளில், "ஆண்டவருக்குள் வளர்ந்த", "ஜெப ஜீவியமுள்ள" என்ற இரண்டு வரிகளுக்குக் கீழே, கட்டம் கட்டிச் சாதியின் உட்பிரிவும், அதற்குக் கீழே பவுன் கணக்கும் இருக்கும். ஜெப ஜீவியம் எப்படிப்பட்டது என்று யாரும் இதுவரை என்னிடம் திருப்பிக் கேட்டதில்லை. உட்பிரிவை மூன்று முறை கேட்பார்கள். தேவன் இணைத்ததை மனுஷன் பிரிக்காதிருக்கக்கடவன் என்று அழைப்பிதழில் அச்சிடுகிறார்கள். தேவன் இணைக்க நினைத்த எத்தனையோ பேரை நான் விவரத்தாளிலேயே பிரித்திருக்கிறேன்.

---

பொறையாற்றுத் தகப்பன்

தாமதத்திற்கு மன்னிக்கவும். லெந்து என்னும் தவக்கால நாட்களும் அறுவடையும் சேர்ந்துகொண்டன. இப்போதுதான் எல்லாவற்றையும் வரி வரியாக வாசித்தேன்.

முதலில் கடைமடைச் சகோதரிக்கு. உங்கள் பதிவை என் மகளிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். பிறகு, எந்த நாளில், எந்த நேரத்தில் வந்தாலும் இந்த வீட்டுக் கதவு அவளுக்குத் திறந்திருக்கும், எந்தப் பெரியவரையும் வசனத்தோடு உள்ளே விடமாட்டேன் என்று சொன்னேன். என் தகப்பனார் என் தங்கையிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அதற்குமேல் எழுத விரும்பவில்லை.

நம் வீட்டில் நெடுங்காலமாக ஓர் அருளடையாளம் இருந்துவருகிறதாம் என்று என் மனைவியிடம் சொன்னேன். கெண்டை மீனை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இருக்கட்டும், அதுக்குக் கொஞ்சம் தேங்காய் துருவிக் கொடுக்கச் சொல்லுங்க" என்றாள். துருவிக் கொடுத்தேன். லூத்தர் சொன்ன துணி அலசுகிற தகப்பனை அந்நேரம் நினைத்துக்கொண்டேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை.

உள்ளபடி சொன்னால், எனக்கு வேதனை ஆலயத்தைப் பற்றியது மட்டுமல்ல. பிறக்கும் பிள்ளைகளுக்குக் கத்தோலிக்கத் திருமுழுக்கு அளிக்கத் தன்னால் இயன்றதைச் செய்வதாக மாப்பிள்ளை வாக்குக் கொடுக்க வேண்டும், அந்த வாக்கு என் மகளுக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்று பங்குத்தந்தை சொன்னபோது, நான்கு தலைமுறையின் கணக்கு என்னோடு முடிகிறதே என்று நினைத்தேன். கணக்கு என்றுதான் நினைத்தேன். ஒற்றைப் பனைத் தம்பி எழுதியதை வாசித்தபோது அந்தச் சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. இரண்டு ஆலயத்தில் இரண்டு சடங்கு என்று நான் கேட்டதும், பெண்ணைக் கொடுத்தோம், பதிலுக்கு என்ன கிடைத்தது என்ற வரவு செலவுதான். என் மகளும் அந்தப் பிள்ளையும் தேவனுக்கு முன்பாக ஒரே ஒருமுறை கொடுக்கப்போகிற சொல்லை, இரண்டு சம்பந்திகளுக்கும் சமமாகப் பங்கிட்டுக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். பேரப்பிள்ளைகளின் திருமுழுக்கைப் பற்றிய வருத்தம் மட்டும் அப்படியே இருக்கிறது. அதை இல்லையென்று சொல்லமாட்டேன்.

எங்கள் போதகரும் பங்குத்தந்தையும் தொலைபேசியில் பேசிக்கொண்டார்கள். திருமணம் திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்துக் கோவிலில், ஒரே முறை. எங்கள் போதகர் அங்கே வந்து வேதம் வாசித்து, மணமக்களுக்காக ஜெபிப்பார். அவர் ரூத்தின் புத்தகத்தை வாசிக்க விரும்பினார்; "நீர் போகும் இடத்திற்கு நானும் வருவேன்" என்பது மாமியாரிடம் சொன்னது, மாப்பிள்ளையிடம் சொன்னதல்ல என்று என் மகள் மறுத்துவிட்டாள். ஆதியாகமம் 2-ஆம் அதிகாரம் என்று முடிவாகியிருக்கிறது. கூறைச்சேலை மாயவரத்துக் கூறைநாட்டில் எடுத்தாயிற்று. அது மட்டும் எங்கள் பக்கத்துச் சரக்காக இருக்க வேண்டும் என்று சம்பந்தியம்மாளே சொல்லிவிட்டார்கள். என் மூத்த அக்காவுக்கு இன்னும் சமாதானமாகவில்லை. "நம்ம கோவில்ல ஒரு மணியாவது அடிக்கக் கூடாதா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை, திருமண அறிவிப்பின் முதல் ஓலை இரண்டு இடத்திலும் வாசிக்கப்பட்டது. எங்கள் ஆலயத்தில் வழக்கமாக அந்த நேரத்தில்தான் ஆட்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். என் மகளின் பெயரையும், அந்தப் பிள்ளையின் பெயரையும், இரண்டு ஊர்களையும் வாசித்துவிட்டுப் போதகர், இவர்கள் மணமுடிப்பதற்குத் தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று சொல்லி, சற்று நேரம் சபையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்றாவது வரிசையில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்த நான் கைகளை முழங்காலின்மேல் வைத்துக்கொண்டேன். யாரும் எழுந்திருக்கவில்லை. இரண்டாம் ஓலை வருகிற ஞாயிறு.